ஒருமுறை கொடுத்தவர் மறுவருஷமும் கொடுக்க: சுங்கை சிப்புட் அனுபவங்கள்

மூணாங்கட்டை:
மலேசியா, பேராக் மாநிலத்து நம்ம சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வி நிதி, பள்ளி வேன், முதியோர் இல்லம், எதுவாக இருந்தாலும் ஒருமுறை கொடுத்தவர்களில் பாதிப் பேரை அடுத்த வருஷம் காணோம். ஏன்? புதுசா ஆள் பிடிக்கிற வழி வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும். கொடுத்தவரைத் தக்கவைக்கிற விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க. "நம்மாளுங்ககிட்ட ஒற்றுமை இல்லை" புலம்பலுக்கு வேற இடம் இருக்கு.

பழைய பொருளாளர்:
முதல்ல எண்ணிப் பாருங்க. மொத்த வசூல் எவ்வளவுன்னு எந்தக் கமிட்டியும் டக்குன்னு சொல்லும். போன வருஷம் கொடுத்த 80 பேரில் இந்த வருஷம் திரும்பக் கொடுத்தவங்க எத்தனை பேர்னு கேட்டா முழிக்கும். உதாரணத்துக்கு 30 பேர்னு வைங்க. விட்டுப்போன 50 பேருக்கு ஈடா வருஷா வருஷம் புதுசா 50 பேரைத் தேடணும். அதுக்குத்தான் விருந்து, மண்டப வாடகை, அழைப்பிதழ் அச்சு. வசூலில் ஒரு பங்கு அங்கேயே போயிடுது. பழைய ஆளைக் கூப்பிட ஒரு போன் கால்தான் செலவு.

அடுத்தது பேரேடு. கொடையாளர் பட்டியலை அகர வரிசையில் போடாதீங்க. நம்ம ஊர் நிதிக்குக் கொடுக்கிறவங்கள்ல நிறைய பேர் இப்போ ஈப்போ, கிள்ளான், ஷா ஆலம், ஜோகூர் பாரு, சிங்கப்பூர்னு இருக்காங்க. அவங்களை இங்கே இழுக்கிறது பிறந்த தோட்டம். அதனால எல்பில், டோவன்பி, ஈவுட், சங்காட் சாலாக்னு தோட்டவாரியா பிரிங்க. ஒவ்வொரு ஆளுக்கும் எந்த லயம் (தோட்டத்து வரிசை வீடு), அப்பா பேரு (தோட்டத்துல என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களோ அதுவும்), கடைசியா கொடுத்த தொகை, தேதி, எதுக்குக் கொடுத்தார், நம்ம பக்கத்தில் யார் பேசினது, எப்போ கூப்பிட்டா வசதி. இவ்வளவு போதும். "வசதியானவர்", "கஞ்சன்" மாதிரி குறிப்பெல்லாம் எழுதாதீங்க. அந்த ஏடு என்னைக்காவது ஒருநாள் அவர் கண்ணில் படும்.

ரசீதுப் புத்தகம்:
உறவு ரசீதில்தான் ஆரம்பம். பணம் வந்த மூணு நாளுக்குள் ரசீது போய்ச் சேரணும். ஒரு வாரம் தாண்டினா "வந்துச்சா, வரலையா" என்று யோசிப்பார். ஒரு மாசம் ஆனா "எங்கே போச்சோ" என்று முடிவு கட்டிடுவார். அப்புறம் எத்தனை மாலை போட்டாலும் அது மாறாது.

வரிசை எண் அச்சிட்ட புத்தகம், கார்பன் நகலோட. அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர், அடையாள அட்டை எண், தொகை எண்ணாலும் எழுத்தாலும், காசா, காசோலையா, வங்கி மாற்றா, எந்த நோக்கத்துக்கு. "நன்கொடை" என்று மட்டும் எழுதினா பின்னாடி வம்பு. "2 மாணவர் வேன் கட்டணம்" என்று எழுதணும். தப்பா எழுதின ரசீதைக் கிழிச்சுப் போடாதீங்க. குறுக்கே "ரத்து" என்று எழுதி ரெண்டு பிரதியையும் புத்தகத்திலேயே வைங்க. தணிக்கையாளர் முதல்ல தேடுறது விட்டுப்போன எண்ணைத்தான்.

வரி விஷயத்தில்தான் நிறைய பேர் நல்ல கொடையாளரை இழக்கிறாங்க. வருமான வரிச் சட்டம் 1967, பிரிவு 44(6)-இன் கீழ் அங்கீகாரம் இருந்தால்தான் கொடையாளர் உங்க ரசீதைக் காட்டி வரிக் கழிவு கேட்க முடியும். சங்கப் பதிவு இருக்கு என்பதால் அது தானா வந்துடாது. கோயில் ரசீதும் அப்படித்தான். அங்கீகாரம் இல்லைன்னா பணம் வாங்கும் முன்னாடியே வாய்விட்டுச் சொல்லிடுங்க. "பார்த்துக்கலாம் ஐயா" என்று இழுத்துட்டு ஏப்ரலில் கைவிரிச்சா அந்த ஆள் அதோட சரி. அங்கீகாரத்துக்குக் காலக்கெடுவும் உண்டு, தேதி பார்த்துப் புதுப்பிக்கணும்.

தனிநபருக்கு மொத்த வருமானத்தில் 10% வரை கழிவு உண்டு. 2019 வரி ஆண்டு வரைக்கும் 7%. இன்னும் சிலர் அந்தப் பழைய கணக்கையே சொல்லிக்கிட்டு இருக்காங்க. இன்னொரு குழப்பம்: ஆயிரம் கொடுத்தா வரியில் ஆயிரம் குறையும் என்று நினைக்கிறது. குறையாது. வரிக்குரிய வருமானம் 70,000 முதல் 100,000 ரிங்கிட் வரை இருக்கிறவருக்கு அந்தப் படியில் வரி 19%. அவர் 1,000 கொடுத்தா 190 மிச்சம். அரிசி மூட்டை, பள்ளிப் பை மாதிரி பொருளுக்கு 44(6) ரசீது எழுதவே கூடாது, அது பணத்துக்கு மட்டும். பொருளுக்கு நன்றிக் கடிதம் கொடுங்க, அதில் வெள்ளி (ரிங்கிட்) கணக்கு போடாதீங்க.

ஒரு சின்ன வேலை, பலன் அதிகம்: பிப்ரவரியில் ஒவ்வொருத்தருக்கும் போன வருஷம் கொடுத்த எல்லாத்தையும் ஒரே தாளில் தொகுத்து, ரசீது எண்களோட அனுப்புங்க. மார்ச், ஏப்ரலில் பி.ஈ. பாரம் (வருமான வரிப் படிவம்) நிரப்ப உட்காருகிற நேரத்தில் அந்தத் தாள் அவர் கையில் இருக்கும். அதில் எதுவும் கேட்காதீங்க. ரசீதை ஏழு வருஷம் பத்திரமா வைக்கச் சொல்லி ஒரு வரி எழுதினா போதும்.

டவுன் கடைக்காரர்:
பெரிய வீதியில் கடை வச்சிருக்கிறவங்க பக்கத்தையும் சொல்றேன். தைப்பூசத்துக்கு ஒரு ரசீது, தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஒண்ணு, பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு ஒண்ணு, தீபாவளி அன்பளிப்புக்கு ஒண்ணு, நடுவில் உண்டியல் டின் குலுக்கிட்டு வர்ற பசங்க. டின் வசூலுக்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேணும். எத்தனை பேர் அதைக் கையில் வச்சுக்கிட்டு வர்றாங்க? காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்க, தெரியும்.

கடைக்காரர் முகத்தைக் காட்டாமல் பத்து வெள்ளி கொடுத்து அனுப்பினா அது நன்கொடை கிடையாது, ஆளை அனுப்பிவைக்கிற கூலி. அவரை உண்மையான கொடையாளரா ஆக்கணும்னா வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை கேளுங்க. எப்போன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க. தீபாவளிக்கு முந்தின ரெண்டு வாரம் வேண்டவே வேண்டாம், சரக்குக்குப் பணம் கட்டுற நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், சம்பள வாரம், இந்த நேரத்தில் கல்லாவுக்கு முன்னாடி நின்னு விளக்கம் கொடுத்தா யாருக்கும் காது கேட்காது. காலையில் கடை திறந்த அரை மணி கழிச்சு வாங்க.

ஈவுட் பிள்ளை:
வெளியூர்க்காரங்க சார்பா ஒண்ணே ஒண்ணு. தீபாவளி வாழ்த்துப் படத்துக்குக் கீழே பணம் அனுப்புற கியூஆர் குறியீட்டை ஒட்டி அனுப்புறதை நிறுத்துங்க. அப்பா இறந்த செய்திக்கு அனுதாபம் சொல்ற படத்திலேயும் கியூஆர் வந்த கதை இருக்கு.

பழைய பொருளாளர்:
கியூஆர் பேச்சு வந்ததால சேர்த்துடுறேன். டூயிட்நவ் (வங்கிகளின் உடனடிப் பணமாற்று வசதி) மூலமா வர்ற பணத்தில் அனுப்பினவர் பேர் தெரியும், போன் நம்பர் தெரியாது. அரைகுறைப் பேரா வந்தால் எந்த முனியாண்டி, எந்த லெட்சுமி என்று கண்டுபிடிக்கிறதே பெரும்பாடு. கியூஆர் அட்டைக்குக் கீழேயே பெரிய எழுத்தில் போடுங்க: "குறிப்பில் உங்கள் பெயரும் தோட்டமும். அனுப்பியதும் இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்." அந்த எண் சங்கத்தின் சிம்மில் இருக்கணும். பொருளாளரின் சொந்த எண்ணைப் போட்டால் அவர் பதவி விலகுற அன்னைக்குப் பத்து வருஷத்து உறவும் அவர் சட்டைப் பையிலேயே போயிடும். ப்ரீபெய்டா இருந்தா காலாவதி ஆகாமல் டாப்-அப் போடுறது யார் பொறுப்புன்னு கமிட்டிக் குறிப்பில் எழுதுங்க. கணக்கும் சங்கத்தின் பேரில்தான் இருக்கணும், மூணு பேரில் ரெண்டு பேர் கையெழுத்து.

மாசாமாசம் பத்து, இருபது வெள்ளி கொடுக்கிறவங்களைக் குறைச்சு எடை போடாதீங்க. "துன் சம்பந்தன் பத்துப் பத்து வெள்ளியா சேர்த்துத்தானே தோட்டம் வாங்கினார்" என்று நம்ம ஊர்க் கூட்டங்களில் வழக்கமா சொல்வாங்க. முன்னாள் அமைச்சரான அவர் 1960-இல் தொடங்கினது தோட்டம் வாங்கின தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அங்கே கொடுத்தது நன்கொடை இல்லை, பங்குப் பணம். பத்து வெள்ளி கொடுத்த பால்மரத் தொழிலாளி உறுப்பினர் ஆனார், கணக்கு கேட்கிற உரிமையும் வந்தது. தொகையை மட்டும் பார்த்துட்டு அந்த உரிமையை விட்டுட்டால் உதாரணம் பாதிதான்.

மாதக் கொடைக்கு வங்கியில் நிரந்தர உத்தரவு (மாசாமாசம் தானா பணம் போற ஏற்பாடு) போடச் சொல்லும்போது தேதியைக் கவனிங்க. 1955 வேலைச் சட்டப்படி, மாதச் சம்பளத்தை அந்த மாசம் முடிஞ்ச ஏழாம் நாளுக்குள் கொடுத்தாகணும். தோட்டத்தில், தொழிற்சாலையில் வேலை செய்றவருக்கு 1-ஆம் தேதி வச்சா கணக்கில் பணம் இருக்காது. 10-ஆம் தேதி வைங்க. போதிய பணம் இல்லாமல் திரும்பிட்டால் நமக்கு எந்தச் சேதியும் வராது, அந்த மாச வரிசையில் அவர் பேர் இருக்காது, அவ்வளவுதான். மாசக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் வேணும். ஒரு மாசம் விட்டுப்போனா கூப்பிடாதீங்க, சங்கடப்படுவார். ரெண்டு மாசம் தொடர்ந்து விட்டால், "அண்ணே, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேளுங்க. வேலை போயிருக்கும், இல்லைன்னா வீட்டில் உடம்புக்கு முடியாமல் இருக்கும். "கொஞ்ச நாள் நிறுத்தி வைங்கண்ணே, நாங்க பார்த்துக்கறோம்" என்று நாமளே சொல்லிட்டால், நிலைமை சரியானதும் தானா ஆரம்பிக்கிறவங்க உண்டு.

பள்ளி வாரியம்:
வேனுக்கு வந்த பணத்தைக் கூரைக்குப் போடுறது: இதுதான் எல்லாத்தையும் கெடுக்கிற இடம். திருட்டு ஒண்ணும் இல்லை, கூரை உண்மையிலேயே ஒழுகியிருக்கும். ஆனால் வேனுக்குக் கொடுத்தவர் ஊருக்கு வரும்போது வேன் எங்கேன்னுதான் கேட்பார்.

ஒரே வங்கிக் கணக்கா இருந்தாலும் கணக்கேட்டில் வேன், புத்தகம், பொது என்று தனித்தனிப் பத்தி போடுங்க. வசூல் படிவத்திலேயே "இந்த நோக்கத்துக்குத் தேவைக்கு மேல் வந்தால் பொது நிதியில் சேர்க்கச் சம்மதம்" என்று ஒரு கட்டம் வச்சு டிக் பண்ணச் சொல்லுங்க. டிக் பண்ணாதவருடைய பணத்தை மாத்தணும்னா, மாத்துறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேளுங்க. நேர்மையா கேட்டா மறுக்கிறவங்க குறைவு. செலவழிச்ச பிறகு கேட்டா சம்மதிச்ச மாதிரி தலையாட்டிட்டு அடுத்த வருஷம் போனை எடுக்க மாட்டாங்க.

அறிக்கை வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஒரு பக்கம். வந்தது, போனது, கையிருப்பு, மூணும் மேலேயே இருக்கணும். சரியா நடக்காததையும் எழுதுங்க: "வேன் ஓட்டுநர் கிடைக்காததால் ரெண்டு வாரம் ஓடவில்லை, அந்தப் பணம் கையிருப்பில் உள்ளது." இப்படி ஒரு வரி படிச்சவர் மீதிக் கணக்கையும் நம்புவார். படம் போடுறதா இருந்தால் வேன் பில், புத்தகக் கட்டு, வகுப்பறை. "ஏழை மாணவி" என்று பேரோட ஒரு பிள்ளையின் முகத்தைப் போடாதீங்க. அதே பிள்ளை நாளைக்கு டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கும், வாட்ஸ்அப் அங்கேயும் போகும்.

மூணாங்கட்டை:
மேடை மரியாதை பற்றி யாரும் எழுதலையே? மாலை, பொன்னாடை, நினைவுச் சின்னம்?

டவுன் கடைக்காரர்:
அம்பது வெள்ளி கொடுத்தவருக்கு முப்பது வெள்ளியில் சின்னம் கொடுத்தா அவர் மனசுக்குள்ளே கணக்கு போடுவார், கடைக்காரர் மட்டும் இல்லை, எல்லாருமே. டத்தோ மாதிரி அரசு கொடுக்கிற பட்டத்தில் மட்டும் கவனம். டத்தோவை டத்தோஸ்ரீ ஆக்கினாலும் சிக்கல், டத்தோஸ்ரீயை டத்தோ ஆக்கினால் அதைவிடச் சிக்கல். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்னாடி அவர் உதவியாளருக்கு அனுப்பி எழுத்தில் சரிபார்க்கணும்.

லிந்தாங் ரோடு:
இங்கே யாரும் தொடாத ஒரு இடம் சாவு வீடு. நீண்ட நாள் உறவு உறுதிப்படுறதும் முறியறதும் பெரும்பாலும் அங்கேதான்.

கொடையாளர் வீட்டில் அம்மா, அப்பா தவறிட்டா கமிட்டியிலிருந்து ரெண்டு பேர் போகணும். ரசீதுப் புத்தகம் கூடாது, சங்கப் பேர் அச்சடிச்ச சட்டையும் கூடாது. பிள்ளைங்க நாலு ஊரிலிருந்து வந்திருப்பாங்க. "உங்கம்மா நாலாம் லயத்துல இருந்தப்போ பால் வாளியை வச்சுட்டு நேரா பள்ளிக்கூடத்துக்கு வந்து உங்களைக் கூட்டிட்டுப் போவாங்க" என்று தோட்டத்து ஆள் ஒருத்தர் சொன்னால் போதும், வேற பேச்சே வேண்டாம். பேரேட்டில் அப்பா அம்மா பேர் எழுதச் சொன்னது இதுக்கும்தான்.

பதினாறாம் நாள் காரியத்தன்னைக்கு, "அம்மா பேரில் பள்ளிக்கு ஏதாவது செய்யலாமா?" என்று அவங்களே கேட்கிறது உண்டு. கேட்டால் அங்கேயே தொகை பேசாதீங்க. "செய்யலாம்மா, ஒரு மாசம் கழிச்சு நிதானமா பேசுவோம்" என்று சொல்லிட்டு வந்துடுங்க. துக்கத்தில் அண்ணன் ஒருத்தர் அஞ்சாயிரம் என்று சொல்லிடுவார், தம்பி தங்கைக்கு அது முடியாது, அப்புறம் குடும்பத்துக்குள்ள மனக்கசப்பு. அந்தக் கசப்புக்கு நடுவில் நம்ம பேர் நிற்கும்.

ஒரு மாசம் கழிச்சுப் பேசும்போது ரெண்டு வழியையும் கணக்கோட காட்டுங்க. ஒண்ணு, வருஷா வருஷம் ஒரு தொகை. இன்னொண்ணு, முதலை நிரந்தர வைப்பில் போட்டு வட்டியில் மட்டும் செலவு செய்றது. 10,000 ரிங்கிட்டுக்கு 3% வட்டின்னு வச்சா வருஷம் 300. அதில் சில பிள்ளைங்களுக்குப் பயிற்சிப் புத்தகம் வாங்கலாம், ஒரு பிள்ளையின் வருஷ வேன் கட்டணத்துக்கே அது காணாது. இதை ஒளிக்காமல் சொல்லணும். "உங்கம்மா பேர் காலத்துக்கும் நிலைக்கும்" என்று சொல்லி வாங்கிட்டு மூணாம் வருஷம் "வட்டி காணலை, இன்னும் போடுங்க" என்று போய் நின்னா எப்படி? வட்டி குறைஞ்சா உதவியும் குறையும், சங்கம் கலைஞ்சால் முதல் எங்கே போகும், ரெண்டையும் கடிதத்தில் எழுதி பிள்ளைங்க எல்லாரும் கையெழுத்துப் போடட்டும்.

அப்புறம் நினைவு நாள். ஆங்கிலத் தேதியா, திதியா என்று கேட்டு எழுதிக்குங்க. திதி ஒவ்வொரு வருஷமும் நகரும், பத்துப் பதினோரு நாள் முன்னாடி வரலாம், சில வருஷம் பின்னாடியும் தள்ளிப் போகும். ஜனவரியில் பஞ்சாங்கம் வாங்கினதும் உட்கார்ந்து அந்த வருஷத்துத் தேதியையெல்லாம் குறிச்சுடணும். குடும்பம் திதி கொடுத்து முடிச்சுப் பத்து நாள் கழிச்சு நம்ம செய்தி போய்ச் சேர்ந்தா, போன வருஷத் தேதியைப் பார்த்து அனுப்பினதுன்னு புரிஞ்சுடும். முந்தின நாள் காலையில் ரெண்டு வரி போதும்: இந்த வருஷம் அம்மா பேரில் யாருக்கு என்ன கொடுத்தோம் என்று. பிள்ளைங்க பேர் வேண்டாம், வகுப்பும் எண்ணிக்கையும் போதும்.

மூணாங்கட்டை:
திதி கணிக்கிற பொறுப்பை யாரிடம் கொடுப்பீங்க? கமிட்டியோ ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாறுது.

லிந்தாங் ரோடு:
பதவியில் இல்லாத ஒருத்தர்கிட்ட. ஓய்வு பெற்ற ஆசிரியை யாராவது இருந்தா நல்லது. பேரேட்டின் பிரதி ஒண்ணு அவங்க கையில், ஒண்ணு செயலாளர்கிட்ட. ஆண்டுக் கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கை அனுப்பணும் இல்லையா, அதே 60 நாளுக்குள் பழைய செயலாளரும் புதுச் செயலாளரும் சேர்ந்து முக்கியமான இருபது கொடையாளருக்காவது போன் போடணும். பழையவர் பேச ஆரம்பிச்சு, "இனிமே தம்பிதான் பார்ப்பாரு அக்கா" என்று போனைப் புதியவர் கையில் கொடுக்கணும்.