சட்டத்தில் எழுதிய தேதியும் டெல்லியின் புகையும்: அறிவியல், தொழில்நுட்பம், கொள்கை ஆய்வை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (இறுதியாண்டு மாணவி)

வணக்கம். நான் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். அறிவியல், தொழில்நுட்பம், பொதுக்கொள்கை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதை முதுகலையில் படிக்க விரும்புகிறேன். வீட்டில் இதைச் சொன்னபோது, "இது அறிவியலா, அரசியலா?" என்று அப்பா கேட்டார், எனக்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அறிவியலாளர் கண்டறிகிறார், பொறியாளர் கருவி செய்கிறார், அரசு அதை ஏற்றுச் சட்டமாக்குகிறது என்ற வரிசையில்தான் இதுவரை நான் யோசித்து வந்திருக்கிறேன். அந்த வரிசை சரியென்றால், இதில் தனியாக ஆராய என்ன இருக்கிறது? சேர்க்கைக்காக இரண்டு பக்க ஆய்வுத் திட்டம் எழுத வேண்டும். பல எடுத்துக்காட்டுகளைத் தொட்டுச் செல்வதைவிட ஒன்றை மட்டும் ஆழமாகப் பார்க்க நினைக்கிறேன். எதைப் பார்க்கலாம்?

மறுமொழி 1 (கொள்கை ஆய்வாளர்)

அந்த வரிசையை ஒரு வயலில் வைத்துப் பாருங்கள், அது எங்கே உடைகிறது என்பது தெரியும். நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வது பஞ்சாப் நெல்வயலைப் பற்றித்தான்.

1960-களின் தொடக்கத்தில் பஞ்சாபில் நெல் ஒரு சிறு பயிர். இரண்டரை லட்சம் எக்டேரைக்கூட எட்டவில்லை. இன்று அது ஏறத்தாழ 30 லட்சம் எக்டேர். புதிய விதைகள் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. குறைந்தபட்ச ஆதரவு விலையில் அரசே நெல்லை வாங்கிக்கொள்ளும் என்ற உறுதியும், 1997 முதல் பம்புசெட்டுகளுக்குக் கிடைத்த இலவச மின்சாரமும் சேர்ந்துதான் கோதுமை நாட்டில் நெல்லை நிலைநிறுத்தின. கடும் கோடையில், மழைக்கு ஒரு மாதம் முன்பே, மே மாதத்தில் நடவு செய்ததால் நிலத்தடி நீர் ஆண்டுதோறும் இறங்கியது. எனவே 2009-ல் பஞ்சாப் அரசு நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. மே 10-க்கு முன் நாற்றங்கால் விடக்கூடாது, ஜூன் 10-க்கு முன் நடவு செய்யக்கூடாது என்பதே அதன் சாரம். மழையோடு நடவைச் சேர்த்துவிட்டால் ஆவியாகும் நீர் மிச்சமாகும் என்ற கணக்கு அறிவியல்படி சரியான கணக்குதான்.

ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். அங்கே பரவலாக இருந்த பூசா 44 என்ற ரகம் விதைத்ததிலிருந்து முற்ற ஏறத்தாழ 160 நாள் எடுக்கும். ஜூன் நடுவில் நட்டால் அறுவடைக்கு அக்டோபர் கடைசி வாரம் ஆகிவிடும். கோதுமையோ நவம்பர் முதல் பாதிக்குள் விதைத்தாக வேண்டும். இடையில் இருப்பது இரண்டு மூன்று வாரம். அறுவடை இயந்திரம் கதிரை மேலாக வெட்டிக்கொண்டு போய்விடும். அடித்தாள் வயலிலேயே நிற்கும், இயந்திரத்தின் பின்னால் கொட்டும் வைக்கோல் நீள நீளமான வரிசைகளாகக் கிடக்கும். விதைப்புக் கருவியை இறக்கினால் அந்த உதிரி வைக்கோல் கொழுமுனையில் சிக்கி அடைத்துக்கொள்ளும். ஒரு தீக்குச்சியில் முடிகிற வேலை என்று உழவருக்குத் தோன்றுவது அந்த இடத்தில்தான். வைக்கோல் எரிப்பது 2009-க்கு முன்பும் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. ஆனால் எரிப்பு முழுவதும் காற்று அடங்கி, குளிர்ந்த அடுக்கு தரையோடு படியும் நாட்களில் வந்து குவிந்ததற்கு இந்தத் தேதியும் ஒரு காரணம் என்பதைச் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் காட்டின. பஞ்சாபின் நீரைக் காக்க எழுதிய தேதி, டெல்லியில் மூச்சுத்திணறலாக வெளிப்பட்டது.

அதன் பிறகு வந்தது உங்கள் துறை சார்ந்த பகுதி. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து 2000-களின் தொடக்கத்திலேயே 'ஹேப்பி சீடர்' என்ற கருவியை உருவாக்கியிருந்தார்கள். நிற்கும் தாளை வெட்டி, அதனூடே கோதுமையை விதைத்து, வைக்கோலை மூடாக்காகப் பரப்பிவிடும் நல்ல கருவி அது. இருந்தும் 2018-ல் ஒன்றிய அரசு தனி உழவருக்கு 50 சதவீதமும் குழுக்களுக்கு 80 சதவீதமும் மானியம் அறிவிக்கும்வரை அது பெரிதாகப் பரவவில்லை. ஆண்டில் மூன்று வாரம் மட்டுமே ஓடும் கருவியை, அதை இழுக்கப் பெரிய டிராக்டரும் தேவைப்படும்போது, யார் கைக்காசு போட்டு வாங்குவார்கள்?

பல்கலைக்கழகம் 123 நாளில் முற்றும் பிஆர் 126 என்ற ரகத்தையும் வெளியிட்டது. அரசுக் கொள்முதலில் 100 கிலோ நெல்லுக்கு 67 கிலோ அரிசி தர வேண்டும் என்பது ஆலைகளுக்கான விதி. அந்த அளவு இந்த நெல்லில் தேறவில்லை என்று 2024-ல் ஆலைக்காரர்கள் எதிர்த்தார்கள். புகைக்குத் தீர்வாக வந்த விதை, கொள்முதல் கிடங்கின் 67 சதவீதக் கணக்கில் போய் முட்டிக்கொண்டது. இந்தக் கதையில் அறிவியல் எங்கே முடிந்து கொள்கை எங்கே தொடங்குகிறது என்று உங்களால் கோடு போட முடிகிறதா? முடியாது என்பதுதான் இத்துறையின் பாடப்பொருள். அறிவியலுக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவை ஆராயும் ஷீலா ஜசனாஃப் போன்றவர்கள் இதை, அறிவும் சமூக ஒழுங்கும் ஒன்றையொன்று சேர்ந்தே உருவாக்குவதாக விளக்குகிறார்கள்.

மறுமொழி 2 (டெல்டா உழவர், ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்)

ஐயா எழுதியதைப் படித்தேன். தேதி ஒன்று விதையைத் தீர்மானிக்கும் என்பது எங்களுக்குப் புதிதல்ல. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்குமா திறக்காதா என்பதைப் பொறுத்துத்தான் குறுவைக்கு நாற்றங்கால் விடுவோம். தண்ணீர் தள்ளிப்போனால் குறுவையை விட்டுவிட்டு, நீண்டகால ரகத்தைக் கொண்டு ஒரே சம்பாவாக எடுப்போம்.

ஆனால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் வயலிலும் அதே அறுவடை இயந்திரம்தான் ஓடுகிறது. ஆளை வைத்து அறுத்துக் களத்தில் அடித்த காலத்து வைக்கோல் நீளமாக, முறியாமல் இருக்கும். போர் போட்டால் ஓராண்டு தாங்கும். இயந்திரத்தில் வருவது நசுங்கி வயலில் சிதறிக் கிடக்கும். முதலில் சிலர் இங்கும் எரிக்கத்தான் செய்தார்கள். பிறகு வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்தது; உருளை உருளையாகக் கட்டி, லாரியில் வெளி மாவட்டங்களுக்கும் கேரளத்துக்கும் ஏற்றுகிறார்கள். இங்கே மாடு நெல் வைக்கோல் தின்னும்; பஞ்சாபில் கோதுமைத் தூரிதான் (பொடித்த கோதுமை வைக்கோல்) தீவனம், மணல்சத்து (சிலிக்கா) மிகுந்த நெல் வைக்கோலை அங்கே பெரிதாக விரும்புவதில்லை. ஆகவே ஒரே இயந்திரம் ஓரிடத்தில் புகையையும் இன்னோரிடத்தில் ஒரு வியாபாரத்தையும் விட்டுச்செல்கிறது. குறுவை அறுத்த தாள் மேலேயே நடும் பயிருக்குத் தாளடி என்று பெயர் வைத்தவர்கள் நாம். அந்தத் தாளை என்ன செய்வது என்ற கேள்வி பழையது. மாணவி அதையும் பார்க்கட்டும்.

மறுமொழி 3 (முனைவர் பட்ட ஆய்வு மாணவர்)

மேலே உள்ள இரண்டையும் சேர்த்தாலே உங்கள் ஆய்வுத் திட்டம் பாதி முடிந்துவிட்டது. நான் ஓர் இழையை மட்டும் கூட்டுகிறேன். எரிப்புக்கு அபராதம் விதிக்கச் செயற்கைக்கோள் பதிவு செய்யும் தீப்புள்ளிகளே பெரும் ஆதாரம். இதற்குப் பயன்படும் செயற்கைக்கோள்களில் முக்கியமான சில அங்கே பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் கடக்கின்றன. அண்மை ஆண்டுகளில் எரிப்பு மாலைக்கு நகர்ந்திருப்பதை, ஒரே பகுதியை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்களின் படங்கள் காட்டுகின்றன. அப்படியானால் தீப்புள்ளிகள் குறைந்தன என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து எரிப்பு குறைந்தது என்று சொல்லிவிட முடியாது. அளப்பதற்காகச் செய்த கருவி, தண்டிப்பதற்குப் பயன்படத் தொடங்கியதும் தான் அளக்கும் பொருளையே மாற்றிவிட்டது.

"கொள்கை தொழில்நுட்பத்தை எப்படிப் பாதிக்கிறது" என்று தலைப்பு வைக்காதீர்கள். தேர்வுக்குழுவில் அது நிற்காது. ஒரு பொருளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் அறிவியல் கொள்கை ஆய்வு மையத்தையும், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தையும் பாருங்கள். வெளிநாடு என்றால் 1966-ல் தொடங்கிய சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கொள்கை ஆய்வுப் பிரிவு இத்துறையின் மூத்த இடங்களுள் ஒன்று.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. "வைக்கோல் கட்டும் இயந்திரம் டெல்டாவில் பரவியதற்கும் ஹேப்பி சீடர் பஞ்சாபில் தயங்கியதற்கும் மானியம், தீவனம், பயிர்க்காலம் ஆகியவற்றில் எது எவ்வளவு காரணம்?" என்று கேள்வியை மாற்றி எழுதியிருக்கிறேன். இயந்திரத்தை வரைபடத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன், ஓடும்போது பார்த்ததில்லை. ஐயா, உங்கள் பக்கம் எப்போது வந்தால் பார்க்கலாம்?

மறுமொழி 2-ஐ எழுதியவர்

பொங்கல் கழிந்து ஒரு வாரம் விட்டு வாருங்கள் அம்மா, சம்பா அறுவடை மும்முரமாக இருக்கும். காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகுதான் வைக்கோலைக் கட்டுவார்கள். பத்து மணிக்கு மேல் வயலில் இருந்தால் போதும். இயந்திரக்காரரிடம் டீசல் செலவையும், ஆண்டில் எத்தனை நாள் ஓடுகிறது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.