வனேடியம்-51 அணுக்கரு: என்எம்ஆர், ஈபிஆர், நியூட்ரான் வேலையில் கண்டவை

தொடக்கப் பதிவு

என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு), ஈபிஆர் (எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு), நியூட்ரான் சிதறல் மூன்றிலும் வனேடியம்-51 பற்றிய குறிப்புகள் இவை. 23 புரோட்டான், 28 நியூட்ரான். 28 மாய எண் (கூடு முழுதாக நிரம்பும் எண்ணிக்கை) என்பதால் நியூட்ரான் கூடு நிரம்பிய அணுக்கரு இது. இயற்கை வனேடியத்தில் 99.75% இதுவே, அதனால் ஐசோடோப்பு செறிவூட்டல் தேவையே இல்லை. தற்சுழற்சி 7/2 என்றதும் "என்எம்ஆர் நிறமாலையில் கோடு அகன்றுபோகும்" என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்காதீர்கள். கோட்டை அகட்டுவது நான்முனைத் திருப்புத்திறன் (அணுக்கரு உருண்டை வடிவிலிருந்து விலகும் அளவு); இதற்கு அது சுமார் −0.05 பார்ன்தான் (பார்ன்: அணுக்கரு அளவிலான பரப்பலகு), மிகச் சிறியது. புரோட்டானோடு ஒப்பிட்டால் ஏற்புத்திறன் (சமிக்ஞை எவ்வளவு வலுவாகக் கிடைக்கும் என்பது) 0.38. மில்லிமோலார் கரைசலுக்குச் சில நிமிடம் போதும்.

400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் வனேடியத்தின் அதிர்வெண் 105.2 மெகாஹெர்ட்ஸ், 500-ல் 131.5. தளர்வு (அணுக்கரு பழைய நிலைக்குத் திரும்புவது) வேகமாக நடப்பதால் ஸ்கேன்களுக்கு நடுவே நொடிக்கணக்கில் காத்திருப்பது வீண். பதிவு நேரம் 50 முதல் 100 மில்லிநொடி, இடைவெளி அதற்கும் குறைவு, ஸ்கேன் சில ஆயிரம். செயலாக்கத்தில் கோட்டு அகலம் 10–20 ஹெர்ட்ஸ் சேர்த்தால் இரைச்சல் அடங்கும்.

கோடுகளின் இடத்தை அளக்கும் மேற்கோள் சேர்மம் வனேடியம் ஆக்ஸிடிரைகுளோரைடு, அதன் கோடு 0 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). ஈரக்காற்று பட்டாலே ஹைட்ரஜன் குளோரைடு புகையும். அதைச் சாம்பிளில் கலக்கவே கூடாது: மூடி உருக்கிய நுண்குழாயில் வையுங்கள், அல்லது புரோட்டான் அதிர்வெண்ணிலிருந்து 26.303% விகிதத்தில் கணக்கிடுங்கள்.

மறுமொழி: சாம்பிள் தயாரிப்பு

கருவியைவிடக் கரைசல்தான் ஆளை ஏமாற்றும். வனடேட் (வனேடியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த எதிரயனி) கரைசல் நிறமற்று இருக்க வேண்டும். ஆரஞ்சு கலந்த மஞ்சள் தெரிந்தால் அது டெக்காவனடேட் (பத்து வனேடியம் சேர்ந்த அயனி). அமிலத்தை ஒரே இடத்தில் ஊற்றினால், மொத்த பிஎச் சரியாக இருந்தாலும் அந்தத் துளி விழும் இடத்தில் அது உருவாகிவிடும், பிறகு உடைய மணிக்கணக்காகும். பிஎச் 10-க்குக் கொண்டுவந்து, நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறியதும் பிஎச் பாருங்கள். நகர்ந்திருந்தால் திருத்தி மறுபடி கொதிக்க வையுங்கள். நிறமும் வராமல் பிஎச்சும் அசையாமல் நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) தேர்வும் முக்கியம். டிரிஸ் வனடேட்டோடு பிணையும், இடிடிஏ அணைவாகப் பிடித்துக்கொள்ளும். ஹெப்பெஸ் பெரும்பாலும் தலையிடாது. டைதயோத்ரைட்டால் போன்ற ஒடுக்கிகள் இருந்தால் ஐந்து இணைதிற வனேடியம் நான்காகிவிடும், என்எம்ஆரில் கோடு மெலிந்துகொண்டே போகும். சாம்பிள் எங்கும் போகவில்லை. பாராகாந்த வடிவுக்கு (இணையற்ற எலக்ட்ரான் உள்ளது, என்எம்ஆரில் தெரியாது) மாறிவிட்டது.

மறுமொழி: கோடுகளை அடையாளம் காண

பிஎச் 8 ஒட்டிய கரைசலில்: ஒற்றை வனடேட் (ஒரே வனேடியம் கொண்டது) −560 பிபிஎம் அருகே, இரட்டை −573, நான்மை −577, ஐம்மை −585. டெக்காவனடேட் மூன்று கோடு: −423, −498, −514 சுற்றி. மூன்றின் பரப்பும் 1:2:2 வரவேண்டும். வரவில்லை என்றால் பல்ஸுக்கும் பதிவுக்கும் இடையிலான காத்திருப்பில் அகன்ற கோடுகளின் முதல் புள்ளிகள் தொலைந்திருக்கின்றன என்று பொருள். அடிக்கோடு அலைபோல வளைவதும் பெரும்பாலும் அந்தத் தொடக்கப் புள்ளிகளின் கோளாறே.

ஒற்றை வனடேட் பிஎச் ஏற ஏற −560-லிருந்து −538 பக்கம் நகரும். குழப்பம் இங்கேதான்: கடும் அமிலத்தில் வரும் டைஆக்ஸோவனேடியம் அயனி −545-ல் நிற்கும். ஆகவே வெறும் எண்ணை வைத்துப் பெயரிட வேண்டாம், பிஎச்சை அளந்து பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

மறுமொழி: ஈபிஆர்

என்எம்ஆரில் காணாமல் போன வனேடியம் இங்கே கிடைக்கும். வனேடைல் அயனியில் (ஆக்ஸிஜனோடு இணைந்த நான்கு இணைதிற வனேடியம்) இணையற்ற ஒற்றை எலக்ட்ரான், அணுக்கருத் தற்சுழற்சி 7/2, ஆக 2×7/2+1 = 8 கோடு. நீரில் கரைந்த அயனிக்குக் கோட்டு இடைவெளி சுமார் 116 காஸ், அதாவது முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு 800 காஸ் தாண்டும். காந்தப்புல வீச்சை 500 காஸ் என்று வைத்துவிட்டு "ஐந்து கோடுதான் வருகிறது" என்று தவிப்பது வழக்கம். 1,200 வையுங்கள். எட்டும் ஒரே உயரம் இருக்காது. அயனி சுழலும் வேகம் போதாததால் ஓரக் கோடுகள் அகன்று தாழ்ந்து நிற்கும். உயரத்தை வைத்து அளவு சொல்லாமல் இருமுறை தொகையிடுங்கள். நீர் மைக்ரோ அலையை விழுங்கும், மெல்லிய நுண்குழாயோ தட்டைக் குழாயோ அவசியம். பிஎச் ஏறினால் ஹைட்ராக்ஸைடாகிச் சமிக்ஞை மறையும்.

மறுமொழி: நியூட்ரான் பக்கம்

வனேடியத்தின் ஒத்திசைவுச் சிதறல் (அலைகள் ஒன்றுசேர்ந்து உச்சம் தருவது) 0.018 பார்ன், ஒத்திசைவற்றது (உச்சமில்லாமல் எல்லாத் திசையிலும் பரவுவது) 5.08. இரண்டு சுழற்சி நிலைகளின் சிதறல் நீளங்கள் ஏறக்குறைய ஒன்றையொன்று நீக்கிக்கொள்வதால் வரும் பேறு இது. பிராக் உச்சம் (படிக அடுக்குகள் தரும் கூர்மையான உச்சம்) அநேகமாக இல்லை என்பதால் தூள் விளிம்பு விளைவு ஆய்வில் சாம்பிள் குப்பியும் வனேடியம், அளவுதிருத்தத் தண்டும் வனேடியம்.

தண்டு ஹைட்ரஜனை உறிஞ்சியிருந்தால் அளவுதிருத்தமே பாழ். ஹைட்ரஜனின் ஒத்திசைவற்ற சிதறல் 80 பார்ன். நூறு வனேடியம் அணுவுக்கு ஒரு ஹைட்ரஜன் இருந்தாலே சுமார் 16 சதவீதம் கூடுதல் வந்து சேரும். வெற்றிடத்தில் சூடேற்றி வெளியேற்றிய பிறகே பயன்படுத்துங்கள்.

வனேடியம்-51 வெப்ப நியூட்ரானைப் (மெதுவாக நகரும் நியூட்ரான்) பிடித்தால் வனேடியம்-52, அரைவாழ்வு 3.74 நிமிடம், 1,434 கிலோஎலக்ட்ரான்வோல்ட் காமா. 40 நிமிடத்தில் கதிரியக்கம் ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கும். ஆனால் கலப்பு உலோகங்கள் வேறு ஐசோடோப்புகளை விட்டுச்செல்லலாம், கடிகாரத்தை நம்பாமல் கதிர்வீச்சு அளவுமானியை வைத்துப் பார்த்தே சாம்பிளைக் கையிலெடுங்கள். இதே காமாவைக் கொண்டு வனேடியத்தின் அளவறியும்போது சாம்பிளில் குரோமியம் அதிகமா என்று கேளுங்கள்: வேக நியூட்ரான் குரோமியம்-52-ஐயும் வனேடியம்-52 ஆக்கும், இல்லாத வனேடியம் இருப்பதாகக் காட்டும்.