4-3-3-3 கையில் நான்கு ஸ்பேட்: பார்ட்னரின் 1 நோட்ரம்புக்குப் பின் 2 கிளப் கேட்க வேண்டுமா?

கேள்வி

வணக்கம். சென்ற வாரம் ஒரு பிரிட்ஜ் சீட்டாட்ட ஜோடிப் போட்டியில் வந்த கை இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

எங்கள் உடன்பாட்டின்படி 1 நோட்ரம்ப் (துருப்பு இனம் இல்லாமல் ஆடும் ஏலம்) என்பது 15 முதல் 17 புள்ளி வரை (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1) உள்ள சமநிலையான கை. பார்ட்னர் அவ்வாறு ஏலத்தைத் தொடங்கினார். என்னிடம் ஸ்பேடில் கிங், ஜாக், 9, 4. ஹார்ட்டில் ஏஸ், 7, 3. டயமண்டில் கிங், 8, 5. கிளப்பில் 8, 6, 3 இருந்தன. மொத்தம் 11 புள்ளி என்பதால் கேம் (கூடுதல் மதிப்பெண் தரும் 3 நோட்ரம்ப், 4 ஸ்பேட் போன்ற ஏலம்) ஆடுவது உறுதி. நான்கு ஸ்பேட் இருக்கிறதே என்று ஸ்டேமன் முறைப்படி, பார்ட்னரிடம் நான்கு ஹார்ட்டோ நான்கு ஸ்பேடோ உண்டா என்று அறிய, 2 கிளப் கேட்டேன். அவர் 2 ஸ்பேட் என்றார். நான் 4 ஸ்பேட் என்று முடித்தேன்.

அவர் கையில் ஸ்பேடில் ஏஸ், குயின், 8, 3. ஹார்ட்டில் கிங், 6, 4. டயமண்டில் ஏஸ், 7, 4. கிளப்பில் ஏஸ், 9, 2. இருவரிடமும் சேர்த்து 28 புள்ளி இருந்தும், ஹார்ட்டில் ஒன்று, டயமண்டில் ஒன்று, கிளப்பில் இரண்டு என நான்கு ட்ரிக் (சுற்று) கைவிட்டுப் போயின. 4 ஸ்பேடுக்கு 10 ட்ரிக் வேண்டும், 3 நோட்ரம்புக்கு 9 போதும். எங்களுக்கு 50 இழப்பு. 3 நோட்ரம்ப் ஆடிய மேசைகளில் அதே 9 ட்ரிக்குக்கு 400 கிடைத்தது. நான் 2 கிளப் கேட்டது தவறா?

முதல் பதில்

தவறு என்றே கருதுகிறேன். இருவரிடமும் ஒரே இனத்தில் நான்கு நான்கு சீட்டு உள்ள 4-4 பொருத்தத்தில் துருப்பு ஆட்டம் நோட்ரம்பைவிட ஒரு ட்ரிக் கூடுதலாகத் தருவதற்குக் காரணம் வெட்டுதான்: ஒரு கையில் ஓர் இனம் சீக்கிரம் தீர்ந்துபோவதால், மற்ற கையில் அந்த இனத்தில் தோற்க வேண்டிய சீட்டை அங்கே துருப்பால் வெட்டி எடுக்கிறோம். உங்கள் 4-3-3-3 கையில் (ஓர் இனத்தில் நான்கு, மற்றவற்றில் மும்மூன்று சீட்டு) இரண்டு சீட்டு மட்டும் உள்ள இனம் எதுவுமில்லை. பார்ட்னர் கையும் அப்படியே அமைந்ததால் எட்டுத் துருப்பும் நான்கு ட்ரிக்குக்கு மேல் தரவில்லை.

ஜோடிப் போட்டியின் மதிப்பெண்ணையும் எண்ணிப் பாருங்கள்; அதே சீட்டுகளை ஆடிய மற்ற மேசைகளோடு ஒப்பிட்டே அது தரப்படுகிறது. இரண்டு ஆட்டத்திலும் 10 ட்ரிக் கிடைத்தால் நோட்ரம்புக்கு 430, ஸ்பேடுக்கு 420. அந்தப் பத்துப் புள்ளியே ஒரு மேசையை உங்களிடமிருந்து பறித்துவிடும். அதோடு, பார்ட்னர் 2 டயமண்ட் என்று பதில் சொல்லிப் பிறகு 3 நோட்ரம்புக்கு வந்தீர்களானால், அவரிடம் நான்கு ஹார்ட்டும் இல்லை, நான்கு ஸ்பேடும் இல்லை என்று எதிராளிகளுக்கு நீங்களே அறிவித்ததாகிறது; எதை முதலில் இறக்குவது என்ற அவர்களுடைய கவலை அங்கேயே பாதி தீர்ந்துவிடும். 4-3-3-3 என்றால் நேராக 3 நோட்ரம்ப் சொல்வதே என் வழக்கம்.

இரண்டாம் பதில்

மேலே எழுதிய நண்பரின் காரணங்களை ஏற்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. கேள்வி கேட்டவரின் கை எப்படிப்பட்டது என்பதைப் பார்க்காமல் அமைப்பை மட்டும் வைத்து விதி வகுப்பது சரியல்ல.

பொதுவாகப் பதின்மூன்று சீட்டில் 4-4-3-2 அமைப்பு வர 21.6 சதவீத வாய்ப்பும், 4-3-3-3 வர 10.5 சதவீத வாய்ப்பும் உண்டு. முதலாவதில் பாதிக் கைகளிலும் இரண்டாவதில் கால்வாசிக் கைகளிலும் மட்டுமே ஸ்பேட் நான்காக இருக்கும். ஆகவே நான்கு ஸ்பேட் வைத்திருக்கும் பார்ட்னரிடம் எங்கேனும் ஓர் இனத்தில் இரண்டே சீட்டு இருக்கும் வாய்ப்பு, அவர் கையும் தட்டையாக இருக்கும் வாய்ப்பைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. உங்களிடம் வெட்ட வழியில்லாவிட்டாலும் அவரிடம் இருக்கக்கூடும்.

உங்கள் கையை அப்படியே வைத்துக்கொண்டு, அவருக்கு ஸ்பேடில் ஏஸ், குயின், 8, 3. ஹார்ட்டில் கிங், 6, 4, 2. டயமண்டில் ஏஸ், குயின், 4. கிளப்பில் 9, 2 கொடுத்துப் பாருங்கள். வெறும் 15 புள்ளிதான். எதிராளிகளிடமுள்ள ஐந்து துருப்பும் 3-2 என்று பிரிந்தால் 4 ஸ்பேடில் உங்கள் மூன்றாவது கிளப்பை அவர் கையில் வெட்டிப் பத்து ட்ரிக் எடுக்கலாம். 3 நோட்ரம்பிலோ எதிராளிகள் கிளப் இறக்கினால், அவர்களிடமுள்ள எட்டுக் கிளப்பும் 4-4 என்று பிரிந்திருந்தால்தான் தப்ப முடியும். அதற்கு 33 சதவீத வாய்ப்பே உண்டு.

நான் முதலில் பார்ப்பது பலம் எங்கே இருக்கிறது என்பதைத்தான். குயினும் ஜாக்கும் மூன்று சீட்டு இனங்களில் சிதறிக் கிடந்தால் அவை நோட்ரம்பில் எதிராளிகள் ஓர் இனத்தைத் தொடர்ந்து எடுக்காமல் நிறுத்தும் தடுப்பாகப் பயன்படும். அப்போது நேரே 3 நோட்ரம்ப் சொல்வேன். உங்கள் கையில் ஏஸும் கிங்கும் இருக்கின்றன, கிளப்போ 8, 6, 3 என்று ஒன்றுமில்லாமல் கிடக்கிறது. ஜோடிப் போட்டியிலும் நான் 2 கிளப்தான் கேட்டிருப்பேன். பத்துப் புள்ளி வேறுபாட்டுக்கு மதிப்பே இல்லாத டீம் போட்டியில் எனக்குத் தயக்கமே இருக்காது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்னொன்று. தன் கை 4-3-3-3 என்று அறிந்த பார்ட்னர், நான்கு ஸ்பேடை மறைத்து 2 டயமண்ட் என்று சொல்லியிருந்தால் நாங்கள் 3 நோட்ரம்புக்கே வந்திருப்போம். அவ்வாறு செய்யலாமா?

இரண்டாம் பதில் எழுதியவர்

வேண்டாம். 2 கிளப் கேட்பவரிடம் எப்போதும் 11 புள்ளி இருக்கும் என்று எண்ணக் கூடாது. ஸ்பேட், ஹார்ட், டயமண்ட் மூன்றிலும் நான்கு நான்கும், கிளப்பில் ஒன்றுமாக, நான்கைந்து புள்ளியே வைத்திருப்பவரும் 1 நோட்ரம்பிலிருந்து தப்புவதற்காக 2 கிளப் கேட்பார். என்ன பதில் வந்தாலும் பாஸ் சொல்வதே அவர் திட்டம். பார்ட்னர் நான்கு ஸ்பேடை மறைத்தால், எட்டுத் துருப்போடு 2 ஸ்பேட் ஆட வேண்டிய இடத்தில் ஏழே துருப்போடு 2 டயமண்டில் அகப்பட்டுக்கொள்வார்கள்.

ஆனால் ஐந்து ஸ்பேட் இருந்து நீங்கள் டிரான்ஸ்பர் முறையில் (ஸ்பேட் ஐந்து உண்டு என்று காட்டி, பார்ட்னரை 2 ஸ்பேட் சொல்ல வைக்க) 2 ஹார்ட் சொல்லி, அவர் 2 ஸ்பேட் என்றபின் 3 நோட்ரம்ப் சொன்னால் நிலைமை வேறு. அங்கே உங்கள் கையை விவரித்துத் தேர்வை அவரிடமே விட்டிருக்கிறீர்கள். மூன்று ஸ்பேடோடு 4-3-3-3 வைத்திருப்பவர், எல்லா இனத்திலும் தடுப்பு இருந்தால், ஜோடிப் போட்டியில் அந்த 3 நோட்ரம்புக்குப் பாஸ் சொல்லிவிடலாம். நான் அப்படிப் பலமுறை செய்திருக்கிறேன்.