நைலான் 66, 30% கிளாஸ்: பேரல் சூட்டை ஏற்றியும் வெள்ளை போகவில்லை

கோவை_மோல்டிங்:
150 டன் இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷினில் மோட்டாருக்குப் பின்பக்கம் மாட்டும் கூலிங் ஃபேன் அடிக்கிறோம். மெட்டீரியல் நைலான் 66, 30% கிளாஸ் (கண்ணாடி நார்) கலந்தது, கறுப்பு. இறக்கை நுனியில் உப்புப் பூத்த மாதிரி கிளாஸ் வெளியே தெரிகிறது. மெல்ட் (உருகிய நைலான்) ஓடவில்லை போல என்று பேரலை (உருக்கும் உருளை) 285 டிகிரியிலிருந்து 310 வரை ஏற்றிவிட்டோம். வெள்ளை லேசாகத்தான் குறைந்தது. இப்போது நாசில் (பேரலின் முனை) ஒழுகுகிறது, நூல் இழுக்கிறது, பர்ஜ் அடித்தால் (மோல்டில் விடாமல் வெளியே தள்ளினால்) புகையும் நெடியும். மோல்டுக்குக் கூலிங் டவர் தண்ணீர். பேரலில் எந்த ஸோனை (சூட்டுப் பகுதியை) எவ்வளவு வைக்கலாம்?

டூல்ரூம்_கண்ணன்:
நாசிலைப் பத்து டிகிரி இறக்குங்க, சக் பேக் (ஸ்க்ரூவைச் சற்றுப் பின்னுக்கு இழுப்பது) கொஞ்சம் கூட்டுங்க. ஒழுகல் நிற்கும்.

பழைய_ஷிஃப்ட்_இன்சார்ஜ்:
கண்ணன் சொன்னதைச் செய்யலாம், ஆனால் பார்த்து. நைலான் 66 உருகுவதே 260 பக்கம். நாசிலை அதற்குக் கீழே விட்டால் அடுத்த ஷாட்டுக்குள் உறைந்து, கேஸ் டார்ச்சைத் தேட வேண்டியிருக்கும்.

தம்பி, உங்கள் கோளாறு பேரலில் இல்லை, மோல்டில். டவர் தண்ணீர் என்றால் 30, 35 டிகிரி. மெல்ட் சுவரைத் தொட்டதுமே தோல் கட்டிவிடுகிறது. நைலான் கிளாஸை மூடிச் சுவரோடு படிய நேரமே இல்லை, அதனால் நார் மேலே நிற்கிறது. கேட்டிலிருந்து (மெல்ட் மோல்டுக்குள் நுழையும் வாய்) தூரமான இறக்கை நுனியில் அது அதிகமாகத் தெரிவதும் அதனால்தான். பேரலைப் பழையபடி 285-க்கு இறக்கிவிட்டு, மோல்டை 80–90-க்குக் கொண்டு போங்கள். எம்டிசியில் (மோல்டைச் சூடாக்கும் கன்ட்ரோலர்) காட்டும் எண்ணை நம்பாதீர்கள். மெஷின் சீராக ஓடிய பிறகு கேவிட்டி (பார்ட் உருவாகும் குழி) முகத்தில் சர்ஃபேஸ் புரோபை (தொட்டுச் சூடு பார்க்கும் கருவி) வைத்து இரண்டு பாதியையும் பாருங்கள்.

இன்னொன்று, செட் பண்ணிய சூடு மெல்ட்டின் சூடு இல்லை. நடு ஸோன் 285 செட், காட்டுவது 293, ஹீட்டரும் அணைந்தே கிடக்கிறது என்றால் ஸ்க்ரூ தேய்த்தே சூடாக்குகிறது என்று அர்த்தம். அங்கே செட்டிங்கைக் குறைத்துப் பயனில்லை. பேக் பிரஷரையும் (ஸ்க்ரூ பின்னால் வரும்போது தரும் எதிர் அழுத்தம்) ஸ்க்ரூவின் ஆர்பிஎம்மையும் குறையுங்கள். கிளாஸ் நார் உடையாமல் இருக்கவும் அதுதான் நல்லது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஷாட்டைப் பர்ஜ் பண்ணி, முன்கூட்டிச் சூடாக்கிய ஊசி புரோபை உடனே அதில் குத்திக் கிளறினால் உண்மை தெரியும். முகக் கவசம், கையுறை இல்லாமல் கிட்டே போகக் கூடாது. ஈர நைலான் தெறிக்கும்.

ஈரம் என்றதும் கேட்கிறேன், ட்ரையர் என்ன? வெறும் ஹாட் ஏர் ஹாப்பர் என்றால் மழை நாளில் வெளியே இருக்கும் ஈரக் காற்றைத்தான் சூடாக்கி உள்ளே ஊதும். ஈரம் 0.2 சதவீதத்துக்கு மேல் போனால் நாசில் எப்படி வைத்தாலும் ஒழுகும். டீஹியூமிடிஃபையர் ட்ரையரில் 80 டிகிரி, நாலு மணி நேரம். ராத்திரி பிரித்த மூட்டையைக் காலையில் அப்படியே கொட்டுவது எல்லாக் கம்பெனியிலும் நடக்கிற கூத்து.

கோவை_மோல்டிங்:
ஹாட் ஏர்தான் அண்ணா. ஆனால் மோல்டை 85 வைத்தால் சைக்கிள் டைம் எகிறும் என்று முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார்.

பழைய_ஷிஃப்ட்_இன்சார்ஜ்:
சில செகண்டு கூடலாம். ஆனால் இந்த மெட்டீரியல் சூட்டிலேயே இறுகிவிடும், பயப்படுகிற அளவுக்கு ஆகாது. முதலாளியிடம் ஃபேனின் போரை (மோட்டார் தண்டு நுழையும் துளை) எடுத்துச் சொல்லுங்கள். குளிர்ந்த மோல்டில் அடித்த நைலான் முழுசாகப் படிகமாகாமல் வெளியே வரும், பிறகு மோட்டார் சூட்டில் மறுபடி சுருங்கும். இன்று கேஜுக்குச் சரியாக இருந்த போர், கஸ்டமரிடம் ஓடிய பிறகு அளவு மாறி நிற்கும். ரிஜெக்ஷன் வந்தால் அந்தச் செகண்டுகளின் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள். மோல்டு சூடானதும் சுருக்கமும் மாறும், அளவை மறுநாள் எடுத்துப் பாருங்கள், சுடச்சுட எடுக்காதீர்கள்.

கோவை_மோல்டிங்:
சரி அண்ணா. பக்கத்து யூனிட்டில் எம்டிசி ஒன்று சும்மா கிடக்கிறது, கேட்டு வாங்குகிறேன். இப்போது இருக்கும் ஹோஸிலேயே மாட்டலாமா?

டூல்ரூம்_கண்ணன்:
அந்தப் பச்சை பிவிசி ஹோஸ் 85 டிகிரியில் மெத்தென்று ஆகி நிப்பிளை விட்டுக் கழன்றுவிடும், ஆபரேட்டர் காலில் வெந்நீர்தான். மேலே ஸ்டீல் பின்னிய டெஃப்லான் ஹோஸ் போடுங்க. மோல்டில் இருக்கும் ஓ-ரிங் சூடு தாங்கும் விட்டான் ரகமா என்றும் பார்த்துக்குங்க. பிளேட்டனுக்கும் (மோல்டை மாட்டும் மெஷின் தட்டு) மோல்டுக்கும் நடுவே இன்சுலேஷன் ஷீட் இல்லாவிட்டால் எம்டிசி மெஷினையும் சேர்த்துத்தான் சூடாக்கும்.