புயலுக்கு முன் தகவல் திரட்டு: எல்லோரும் எழுதலாமா, சிலர் மட்டும் எழுத வேண்டுமா?

மழைக்கணக்கு:

வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. கடந்த முறை வாட்ஸ்அப் குழுக்களில் நாம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரே முகாமின் முகவரி நான்கு விதமாகச் சுற்றியது. எது சரி என்று சொல்ல ஆளில்லை. இந்த ஆண்டு புயல் சின்னம் உருவாகும் முன்பே ஒரு பொதுப் பட்டியலைத் திறந்துவிடலாம் என்கிறேன். கடலோர மாவட்டம் ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் ஒரு விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்). யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

இது புதிய யோசனை அன்று. 2008 ஆகஸ்ட் கடைசியில் குஸ்தாவ் சூறாவளி மெக்சிகோ வளைகுடாவை நெருங்கியபோது, அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆரில் பணியாற்றிய ஆண்டி கார்வின் இணையத்தில் தன்னார்வலர்களைத் திரட்டினார். செப்டம்பர் 1 அன்று புயல் லூசியானாவில் கரையைக் கடப்பதற்குள் சில நூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். தங்குமிடங்கள், வெளியேறும் வழிகள், உதவி எண்கள் எல்லாம் பலரும் சேர்ந்து எழுதித் திருத்தும் விக்கிப் பக்கத்தில் ஏறின. தென் லூசியானாவிலிருந்து சுமார் 19 லட்சம் பேர் கிளம்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் கத்ரீனா சூறாவளியில் நடந்தது வேறு. காணாமல் போனவர்களின் பெயர்கள் பல தளங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து ஓரிடத்தில் சேர்க்கும் வேலை புயல் ஓய்ந்த பிறகுதான் தொடங்கியது.

கத்ரீனா உதவி விக்கியில் நம் பக்கத்து உழைப்பும் உண்டு. 2004 சுனாமியின்போது மும்பையிலிருந்து சிலர் தொடங்கிய வலைப்பதிவில் பழகிய கைகளும் சேர்ந்துதான் அதைக் கட்டின. நம்மால் முடியாதா?

தாம்பரத்தான்:

யாரும் எழுதலாம் என்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் திறந்த பட்டியல் ஒன்றில் நான் இரவும் பகலும் வேலை செய்தேன். அதில் ஒரு வரி: "முடிச்சூர், மாடியில் தாயும் கைக்குழந்தையும், பால் இல்லை." கீழே ஒரு செல்பேசி எண். அந்தத் தாயையும் குழந்தையையும் பக்கத்துத் தெருப் பையன்கள் அன்று மாலையே தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆனால் அந்த வரி அழியவில்லை. பட்டியலிலிருந்து படமெடுத்து ஆயிரம் பேர் பகிர்ந்துவிட்டார்கள். மூன்று நாள் அந்த எண்ணுக்கு அழைப்பு ஓயவில்லை. வெளியூரில் மாட்டிக்கொண்டிருந்த கணவருக்கு மனைவியின் குரலைக் கேட்க வழியில்லாமல் போயிற்று. கடைசியில் அந்தப் பெண் செல்பேசியை அணைத்துவிட்டார். அதே முகவரிக்கு இரண்டு முறை படகு போய் வெறுமனே திரும்பியது. அந்தப் படகுக்காக வேறொரு மாடியில் யாரோ காத்திருந்திருப்பார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

வதந்தி வேறு. அதே வெள்ளத்தில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற செய்தி பரவி, பண்ணையே மறுக்க வேண்டியிருந்தது. 2012இல் சாண்டி புயலின்போது நியூயார்க் பங்குச் சந்தைக்குள் மூன்றடித் தண்ணீர் என்று ஒருவர் ட்விட்டரில் எழுதிய பொய் சிஎன்என் வரை போய்விட்டது. மேலும், 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 54ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பீதி கிளப்பும் பொய் எச்சரிக்கையைப் பரப்பினால் ஓராண்டு வரை சிறை. நாளை நம் தாளில் ஒருவர் "ஏரி உடைந்தது" என்று எழுதினால் பொறுப்பு யாருக்கு?

பத்துப் பேர் போதும். வானிலை மையமும் மாவட்ட நிர்வாகமும் சொல்வதை மட்டும் பிழையில்லாமல் போடலாம்.

வேதாரணியத்து மகள்:

தாம்பரத்து அண்ணா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் அரசு சொன்னதை மட்டும் போட்டால் எங்கள் ஊருக்கு என்ன கிடைக்கும் என்று கஜாவில் பார்த்துவிட்டோம்.

2018 நவம்பர் 16, விடியும் முன்பே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கஜா கரையைக் கடந்தது. முன்னெச்சரிக்கையில் பெரிய குறையில்லை. கடற்கரை ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரை முகாமுக்கு அழைத்துப் போனார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று பட்டியலில் தெளிவாக இருந்தது. முன்னிரவில் போனோம். இரும்புக் கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த காவலாளி நான்கு கிலோமீட்டர் தள்ளி வேறு ஊரில் இருக்கிறார். என் பாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தார்ப்பாயைப் போர்த்தி, பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றோம். மாற்றுச் சாவி எதிர்ப்புறம் டீக்கடை அக்காவிடம் இருக்கிறது என்று ஆடு மேய்க்கும் ஒரு பையன் சொன்னான்.

எந்தச் செய்திக்குறிப்பில் அது வரும்? சென்னையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரில் யாருக்கு அது தெரியும்?

இன்னொன்று. கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்றுதான் அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்ட பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து எங்கள் சொந்தக்காரர்கள், இது கரையில் இருப்பவர்களுக்குச் சொல்வது, நமக்கில்லை என்று படுத்துவிட்டார்கள். காற்று கரையோடு நிற்கவில்லை. தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்தது. லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்தன. "உள்ளூரிலும் அடிக்கும், ஓட்டு வீட்டில் படுக்காதீர்கள்" என்று அவர்களுடைய ஊர்க்காரரே ஒருவர் எழுதியிருந்தால் நம்பியிருப்பார்கள்.

மழைக்கணக்கு:

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். சாவி டீக்கடையில் இருக்கிறது என்பதை எழுத அந்தப் பையனுக்கு உரிமை வேண்டும். அனுமதி கேட்டு வரிசையில் நின்றால் புயல் கடந்துவிடும்.

தாம்பரத்தான்:

தங்கை சொன்ன சாவிக் கதை என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. அந்தப் பையன் எதிரில் நின்று சொன்னான், நீங்கள் போய்க் கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டீர்கள். அதே வரியைப் பெயர் தெரியாத ஒருவர் தாளில் எழுதியிருந்தால், பாட்டியை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு அதை நம்பிக் கிளம்பியிருப்பீர்களா?

ஆகவே சற்று இறங்கி வருகிறேன். தகவலை யாரும் சொல்லட்டும். தாளில் ஏற்றுவதைச் சிலர் செய்யட்டும். ஏற்றுபவர் அந்த எண்ணை அழைத்துப் பேசி, பேசிய நேரத்தையும் தன் பெயரையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் மறுபடி அழைத்து உறுதி செய்யாத வரி தானாக மறைய வேண்டும். 2015இல் எங்களிடம் எல்லாப் பத்தியும் இருந்தது: பெயர், இடம், எண், தேவை. "கடைசியாகச் சரிபார்த்த நேரம்" என்ற ஒரு பத்தி மட்டும் இல்லை. அந்த ஒன்று இருந்திருந்தால் படகு வெறுமனே போயிருக்காது.

மழைக்கணக்கு:

ஒரு நாளில் அறுநூறு வரி வந்தால்? ஒரு அழைப்புக்கு ஐந்து நிமிடம் என்றாலும் ஐம்பது மணி நேரம். பத்துப் பேர் வேறு எதுவும் செய்யாமல் ஆளுக்கு ஐந்து மணி நேரம் பேசினால்தான் ஒரு சுற்று முடியும். ஆறு மணி நேரத்தில் மறுபடி முதலிலிருந்து. உங்கள் கணக்கு காகிதத்தில்தான் நிற்கும். ஆள் பெருகினால்தான் வேலை நடக்கும், ஆள் பெருக வேண்டுமென்றால் கதவு திறந்திருக்க வேண்டும்.

தூத்தூர்க் கடலோடி:

இரண்டு பேரும் கரையில் நின்றுகொண்டே பேசுகிறீர்கள்.

2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் ஒக்கி புயல். அதற்குப் பல நாட்கள் முன்பே எங்கள் ஆட்கள் ஆழ்கடலுக்குப் போய்விட்டார்கள். கரையிலிருந்து அத்தனை தொலைவில் இருப்பவர்களுக்குச் செல்பேசியும் எட்டாது, படகில் இருக்கும் விஎச்எப் வானொலிக் கருவியும் எட்டாது. உங்கள் தாள் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன?

ஆனால் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. எந்தப் படகு எந்த நாளில் போனது, எத்தனை பேர், எந்தத் திசை என்பது வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் தெரியும். அந்த விவரத்தைப் பங்குக் கோயில்களில் உட்கார்ந்து எழுதினோம். புயல் போன பிறகு எழுதினோம். பெயர் சொல்லச் சொல்ல அழுகை. யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்ற கணக்கை முன்கூட்டியே வைத்திருந்தால், முதல் நாளே தேடும் கப்பல்களுக்குத் திசையாவது சொல்லியிருக்கலாம். புயல் சின்னம் வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே எழுதவேண்டிய பட்டியல் அது. மழைக்கணக்கு ஐயா, உங்கள் விரிதாளில் அதற்கு இடம் உண்டா?

மழைக்கணக்கு:

உண்டு. நான் யோசிக்கவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அலைவரிசை:

நான் அமெச்சூர் வானொலிக்காரன். ஒரு விஷயம் மட்டும். 2017இல் இர்மா புயலின்போது, வாக்கி-டாக்கி போலப் பேச உதவும் ஜெல்லோ செயலி இணையம் இல்லாமலே இயங்கும் என்று பரவி, பல லட்சம் பேர் அதைத் தரவிறக்கினார்கள். இணையம் இல்லாமல் அது இயங்காது என்று அந்த நிறுவனமே விளக்க வேண்டியிருந்தது. உங்கள் விரிதாளும் அப்படித்தான். மின்சாரம் போனதும் செல்பேசிக் கோபுரத்தின் மின்கலம் சில மணி நேரம் தாங்கும், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. புயலுக்கு முந்தைய நாள் மாலைக்குள் அந்தந்த ஊர்ப் பக்கத்தை அச்செடுத்து ரேஷன் கடைச் சுவரிலும் கோயில், பள்ளிவாசல், தேவாலயச் சுவர்களிலும் ஒட்டுங்கள். பசையோடு ஒட்டுங்கள், மேலே பிளாஸ்டிக் தாள் போடுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. இவை பெரிய எழுத்தில் மேலே இருக்கட்டும்.

வேதாரணியத்து மகள்:

அச்செடுக்கும்போது ஒன்றில் மட்டும் நான் தாம்பரத்து அண்ணா பக்கம். தனியாக இருக்கும் முதியவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆகியோரின் பெயரும் வீடும் சுவரில் வரக்கூடாது, திறந்த தாளிலும் வரக்கூடாது. கதவு உடைந்து, ஊர் காலியாகக் கிடக்கும் நேரத்தில் ஒரு கிழவி தனியாக இருக்கிறாள் என்று உலகத்துக்கு எழுதி வைக்க முடியாது. அது அந்தந்தத் தெருவில் ஒருவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் மட்டும் இருக்கட்டும்.

முகாம், சாவி, தண்ணீர், சாலை ஆகியவை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தாம்பரத்தான்:

முகாம் விவரத்தில்கூட நேரமும் பெயரும் இல்லாமல் ஒரு வரியையும் ஏற்க என்னால் முடியாது. மழைக்கணக்கு சொல்லும் அறுநூறு வரியில் பாதி, ஒன்றையே பலர் எழுதியதாக இருக்கும். 2015இல் அப்படித்தான் இருந்தது.

வானிலையைப் பொறுத்தவரை இன்னும் கண்டிப்பு வேண்டும். புயல் நெருங்கினால் வானிலை மையம் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை தருகிறது. முந்தைய நாள் வரைபடம் அடுத்த நாளும் சுற்றுகிறது. நேரம் தெரியும்படி அறிக்கையை அப்படியே போடுவோம், நாமாகக் கோடு போட வேண்டாம். தங்கை சொன்னதுபோல, கரையைக் கடக்கும் இடம் என்பது புயல் மையத்தின் வழி மட்டுமே, காற்று அதற்கு வெகுதூரம் அப்பாலும் அடிக்கும் என்று ஒவ்வொரு முறையும் கீழே எழுதுவோம். துறைமுகத்தில் ஏழாம் எண் கூண்டு என்று மட்டும் எழுதினால் கீற்றுக் கொட்டகையில் இருப்பவருக்கு எதுவும் விளங்காது. "இன்று இரவு இந்தக் கொட்டகையில் படுக்காதே" என்று எழுத வேண்டும்.

மழைக்கணக்கு:

நேரப் பத்தியைச் சேர்த்துவிட்டேன். பெயர் கட்டாயம் என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. உள்ளூர்ப் பெரிய மனிதருக்குப் பயந்து பெயரில்லாமல்தான் உண்மையைச் சொல்ல முடியும் என்ற நிலை பல ஊர்களில் இருக்கிறது. முகாமுக்குள் எந்தத் தெருக்காரர்களை விடவில்லை என்பதை யார் பெயர் போட்டு எழுதுவார்கள்?

தாம்பரத்தான்:

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

வேதாரணியத்து மகள்:

நீங்கள் யோசியுங்கள். நாளை சனிக்கிழமை. தலைஞாயிறு பக்கம் முகாமாகப் பயன்படும் எட்டுப் பள்ளிக்கூடங்களுக்கும் அண்ணனின் மோட்டார் சைக்கிளில் போகப்போகிறேன். சாவி யாரிடம், மாற்றுச் சாவி யாரிடம், அடிபம்பில் தண்ணீர் வருகிறதா, சக்கர நாற்காலி ஏற வழி இருக்கிறதா என்ற நான்கையும் என் பெயரில் எழுதி இரவுக்குள் அனுப்புகிறேன். நேரமும் குறித்து.

தூத்தூர்க் கடலோடி:

ஞாயிறு பூசை முடிந்ததும் நாங்களும் படகுக் கணக்கைத் தொடங்குகிறோம். பத்தித் தலைப்புகளை மட்டும் அனுப்பிவையுங்கள்.