நைட்டு கேரட் புடுங்கப் போறவன் பைபிளை எப்ப வாசிக்கிறது?

பாலாடா_கேரட்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நீலகிரியில கேத்தி பாலாடா பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்து கேரட் போடறேன், வயசு 36. பைபிளை ரெகுலரா வாசிக்கணும்னு நாலு வருஷமா ஆசை. ஒவ்வொரு வருஷமும் வாட்ச்நைட் (புது வருஷ ராத்திரி) ஆராதனை முடிஞ்சு வந்த சூட்டோட முதல் புத்தகம் ஆதியாகமம் ஆரம்பிப்பேன், யோசேப்பு கதை வரைக்கும் ஜம்முனு போகும், அப்பறம் ரெண்டாவது புத்தகம் யாத்திராகமத்துல செங்கடல் தாண்டி கொஞ்ச தூரம் போனதும் கூடாரத்துக்கு எத்தனை பலகை எத்தனை முழம் எத்தனை கொக்கின்னு வரும் பாருங்க, அங்கயே நான் படுத்துருவேன். அடுத்த புத்தகம் லேவியராகமத்தை இன்னும் கண்ணால பாக்கல.

டைம்தான் அடுத்த தலைவலி. காலையில 4 மணிக்கு எழுந்து வாசின்னு சபையில எல்லாரும் சொல்றாங்க. நான் நைட்டு 1 மணிக்கே தலையில டார்ச்சைக் கட்டிட்டு தோட்டத்துல இறங்குறவன், விடியறதுக்குள்ள புடுங்கி கழுவி மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு ஏத்தணும். 4 மணிக்கு என் கையைப் பாத்தீங்கன்னா முழங்கை வரைக்கும் சேறு. தூங்கி எழுந்தா சாயங்காலம், பொண்ணு ஸ்கூல் விட்டு வந்துருவா.

இதுல தமிழ் வேற. ஆயக்காரன், புறஜாதி, உபத்திரவம்னு பாதி வார்த்தை புரியல, யார்கிட்டயாவது கேக்கவும் கூச்சமா இருக்கு. எங்க ஆரம்பிக்கிறது, எப்படிப் படிக்கிறது? (பைபிளும் கல்யாணத்துக்குக் கொடுத்தது, ஜூன் மாச மழைக்கு ஈரம் ஏறி பக்கமெல்லாம் ஒட்டிக்குது. இதுக்கும் வழி இருந்தா சொல்லுங்க.)

குன்னூர்_வாத்தியார்:
தம்பி, ரிட்டயர்டு ஆளு, கொஞ்சம் நீளமாதான் எழுதுவேன், பொறுத்துக்கங்க.

முதல்ல அந்த ஜனவரி கணக்கை விடுங்க. மொத்தம் 1189 அதிகாரம், ஒரு வருஷத்துல முடிக்கணும்னா தினம் மூணுக்கு மேல வரும், ரெண்டு நாள் லோடு ஜாஸ்தியானா ஏழெட்டு பாக்கி விழுந்துரும், பாக்கி விழுந்தா நம்மாளு கடன்காரனைப் பாத்த மாதிரி பைபிளைப் பாத்து ஒளிய ஆரம்பிச்சிருவான். இயேசு காலத்துல இருந்து வர்ற பகுதி, புதிய ஏற்பாடு, அது மட்டும் 260 அதிகாரம். வாரத்துக்கு அஞ்சு நாள், நாளைக்கு ஒண்ணுன்னு வச்சா 52 வாரத்துல கரெக்டா முடியும், ரெண்டு நாள் லீவும் உண்டு.

மாற்குல ஆரம்பிங்க. 16 அதிகாரம்தான், இயேசுவோட கதையைச் சொல்ற நாலு சுவிசேஷத்துல சின்னது, வம்ச வரலாறு எதுவும் இல்லாம நேரா யோவான் ஸ்நானகன்கிட்ட போய் நிக்கும். உடனே, உடனேன்னு வந்துக்கிட்டே இருக்கும், ஓட்டமா ஓடும். 4ம் அதிகாரம் உங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கும், விதைச்சவன் தூங்கி எழுந்திருக்க அவனுக்கே தெரியாம விதை முளைக்கிற உவமை ஒண்ணு, அது மத்த மூணு சுவிசேஷத்துலயும் கிடையாது.

படிக்கிறதுன்னா பெருசா ஒண்ணும் இல்ல. எழுதற சின்ன நோட்டு ஒண்ணு வாங்குங்க. இங்க என்ன நடந்துச்சு, யார் யார்கிட்ட சொன்னது, எது எனக்கு உறுத்துச்சு, இதுல ஒண்ணையாவது ஒரு வரி எழுதுங்க, புரியாத வார்த்தைக்கு வட்டம் போடுங்க. அதிகாரத்தோட நின்னுரணும்னும் இல்ல. அதிகாரம் வசனம்னு நம்பர் போட்டதெல்லாம் ரொம்ப பின்னாடி, புதிய ஏற்பாட்டுல இப்ப இருக்கிற வசன நம்பரே 1551ல ராபர்ட் எஸ்தியென்னுங்கிற அச்சுக்காரர் போட்டது. கதை முடியற எடம்தான் நிறுத்தற எடம்.

முடிஞ்சா ரெபரன்ஸ் பைபிள் வாங்கிக்கங்க. சிலுவையில இயேசு "ஏன் என்னைக் கைவிட்டீர்"னு கேக்கறதை மாற்கு 15ல வாசிக்கும்போது சின்ன எழுத்துல சங்கீதம் 22னு போட்டிருக்கும், போய்ப் பாத்தா அந்த சங்கீதம் அதே வார்த்தையிலதான் ஆரம்பிக்கும். அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல.

விடியல்_ஜெபம்:
பிரதர், தப்பா எடுத்துக்காதீங்க, இயேசு இருட்டோட எழுந்து ஜெபிச்சார்னு மாற்கு 1:35லயே இருக்கு. காலை நேரத்தை தேவனுக்குக் கொடுக்கணும், அதுல சாக்கு சொல்லக்கூடாது.

குன்னூர்_வாத்தியார்:
நம்ம கேரட் தம்பி இருட்டுக்கு முன்னாடியே எழுந்து சேத்துல நிக்கிறாருங்க, இதுக்கு மேல எங்க எழுந்திருக்கிறது? "இராச்சாமங்களில் உம்மைத் தியானிக்கிறேன்"னு சங்கீதம் 63ல தாவீதும் சொல்லியிருக்காரே.

பூம்பாறை_அக்கா:
தம்பி, நாங்க கொடைக்கானல் மேல, பூண்டு வெள்ளாமை. நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்), ஆனாலும் சொல்றேன். உங்ககிட்ட இருக்கிறது 1871ல வந்த பழைய மொழிபெயர்ப்பு, அழகான தமிழ்தான், ஆனா நம்ம பேச்சுல அது இல்ல. பக்கத்துல எங்க திருவிவிலியத்தையும் வச்சுக்கங்க, 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பு. மாற்கு 2ல லேவி "ஆயத்துறை"யில உக்காந்திருந்தான்னு உங்கள்ல இருக்கும், எங்கள்ல "சுங்கச்சாவடி". ஆயக்காரன்னா அங்க வரி வாங்கறவன். கல்லாறு செக்போஸ்ட்டைத் தாண்டிப் போறவருக்கு இதுக்கு மேல விளக்கம் வேணுமா? பேரு மட்டும் மாறும், ஆதியாகமம் எங்களுக்கு தொடக்கநூல், சங்கீதம் திருப்பாடல், கூடுதலா சில புத்தகமும் இருக்கும், மொத்தம் 73. மிரளாதீங்க.

எங்களுக்கு தினமும் பூசையில வாசகம் இன்னதுன்னு காலண்டர்லயே இருக்கும், நான் அதைப் பாத்துதான் வாசிக்கிறேன், என்ன வாசிக்கிறதுன்னு யோசிக்கிற வேலை மிச்சம்.

ஈரத்துக்கு, பைபிளை பீரோவுல வைக்காதீங்க. எங்க வீட்டுல அடுப்பங்கரை அலமாரியில, அடுப்புக்கு நேரா இல்லாம கொஞ்சம் தள்ளி இருக்கு. தினம் தொறந்தாலே பாதி ஈரம் போயிரும்.

பிக்கப்_வண்டி:
அண்ணே ஆடியோ பைபிள் இருக்குல்ல, வீட்ல வைபைல டவுன்லோடு பண்ணிக்கங்க, பர்லியார் எறங்குறப்ப டவர் இருக்காது. நான் மாற்கு முழுசும் மண்டி போய்ட்டு வர்ற ரோட்லயே கேட்டேன். கேட்டது மனசுல நிக்கணும்னா அன்னிக்கே ஒரு தடவை கண்ணால வாசிச்சிருங்க, இல்லன்னா பாட்டு கேட்ட மாதிரி போயிரும்.

பாலாடா_கேரட்:
மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும், அறுவடை. எனக்கு ஒரு எடம் கிடைச்சிருச்சு. கேரட் கழுவுற மெஷின்ல எங்களுக்கு முன்னாடி ரெண்டு மூணு வண்டி நிக்கும், முக்கால் மணி நேரம் சும்மா பீடி வாசனையில உக்காந்திருப்பேன். இப்ப அங்க டேப்புல கையைக் கழுவிட்டு கேபின் லைட்டைப் போட்டு ஒரு அதிகாரம். நாலு நாள் விட்டுப்போச்சு, வாத்தியார் சொன்ன மாதிரி பாக்கி கணக்கு எழுதல. பைபிள் இப்ப அடுப்பங்கரையில, வீட்டம்மா முதல்ல திட்டினா, இப்ப அவளும் சோறு வேகற நேரத்துல எடுக்கறா.

நேத்து மாற்கு 8ம் அதிகாரம். பெத்சாயிதாவுல ஒரு குருடன், இயேசு முதல் தடவை கை வச்சதும் "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்"ங்கறான். வெளிய பாத்தேன், ஒரே மிஸ்ட், மூட்டை தூக்கிட்டு நம்ம பசங்க டார்ச்சோட வர்றாங்க, ஆள் எது மரம் எதுன்னே தெரியல. அந்த வரியை நோட்டுல எழுதி வட்டம் போட்டு வச்சிருக்கேன். ஒரே தொடுதல்ல சரியாக்காம ஏன் ரெண்டாவது தடவை கை வச்சாரு? வாத்தியாரய்யா, நேரம் கிடைக்கும்போது சொல்லுங்க, எங்க வண்டி முறை வந்துருச்சு.