சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லை, கார் இடித்தால் யாரிடம் கேட்பது? (மண்டபம் - பாம்பன்)

உச்சிப்புளி_சந்தை கேட்டது:

நம்ம பக்கம் விடியற்காலையில் சைக்கிள் கேரியரில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். இப்போது வந்திருக்கும் சிக்கல் இது: பாம்பன் ரோட்டுப் பாலத்தில் கடல் பார்க்க ஓரமாக நிறுத்தியிருந்த சுற்றுலா கார். பின்சீட்டில் இருந்தவர் திடீரென்று கதவைத் திறக்க, சைக்கிளில் போனவர் அதில் இடித்து விழுந்தார். வயது 44, காறையெலும்பு (காலர் போன்) முறிவு. சைக்கிளுக்கு எந்த பாலிசியும் கிடையாது. கார்க்காரர் ஐயாயிரம் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார். கார் ஓடவே இல்லை, நின்ற வண்டிக்கு இன்சூரன்ஸ் வராது என்கிறார். நிஜமா? வண்டி நம்பர் தெரியாமல் போயிருந்தால்? தானாக வழுக்கி விழுந்தால்?

சேதுக்கரை:

கையெழுத்துப் போட வேண்டாம். முதலில் அதைச் சொல்லுங்கள்.

சைக்கிளுக்கு பாலிசி தேவையே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். சைக்கிளில் போகிறவர், நடந்து போகிறவர் எல்லாரும் அந்த 'தேர்டு பார்ட்டி'தான். நின்ற வண்டி என்பது சாக்கு. சட்டத்தில் உள்ளது வண்டியைப் 'பயன்படுத்தும்போது' ஏற்பட்ட விபத்து என்று. ஓடும்போது என்று இல்லை. ரோட்டில் நிறுத்திக் கதவைத் திறப்பதும் அதில் அடங்கும். இருட்டில் லைட் போடாமல் நிற்கும் லாரியில் மோதினாலும் இதே கதைதான்.

எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி பெயர், பாலிசி எந்தத் தேதி வரை என்று வந்துவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பாலிசி காலாவதி என்றால் வண்டி உரிமையாளர்தான் கையிலிருந்து கட்ட வேண்டும். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால், பெரும்பாலும் கம்பெனியை முதலில் கட்டச் சொல்லிவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லும் தீர்ப்பாயம் (விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் கோர்ட்).

போலீஸில் பாலம் மண்டபம் எல்லையா பாம்பன் எல்லையா என்று பேச்சு வரலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (பி.என்.எஸ்.எஸ்.) 173-இல், எல்லை எதுவானாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கிப் பதிய வேண்டும் என்று இருக்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று கேளுங்கள், புரிந்துகொள்வார்கள்.

ஏஆர்_நோட்டு:

மேலே சொன்னதோடு ஒன்று. பாதி கேஸ் ஆஸ்பத்திரியில்தான் கெடுகிறது, கோர்ட்டில் இல்லை.

அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேடு எழுதுவார்கள், ஏ.ஆர். காப்பி என்போமே, அது. எப்படி அடிபட்டது என்று ஒரு வரி இருக்கும். தூக்கிக்கொண்டு வந்தவர் பதற்றத்தில் "சைக்கிளில் இருந்து விழுந்துட்டார்" என்றால் அப்படியே எழுதிவிடுவார்கள். பிறகு காரே சம்பந்தப்படவில்லை, தானாக விழுந்தவர் என்று இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் நீட்டுவார். ஆகவே வண்டி நம்பர், கதவு இடித்தது, இடம், நேரம் நான்கையும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே தப்பாக எழுதியிருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள், அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பும். எஃப்.ஐ.ஆரிலும் நேரில் பார்த்தவர் வாக்குமூலத்திலும் சரியாக வரச் செய்யுங்கள்.

எலும்பு முறிவு என்றால் சட்டப்படி அது 'கொடுங்காயம்'. காயச் சான்றிதழில் அப்படி வருகிறதா என்று பாருங்கள். எக்ஸ்ரே பிலிம், டிஸ்சார்ஜ் சம்மரி, பில் எல்லாம் ஒரிஜினலாகப் பத்திரமாக இருக்கட்டும்.

சிகிச்சைச் செலவுக்கு: தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரம் இலவசம். மத்திய அரசின் 2025 மே திட்டத்தில், மோட்டார் வண்டி சம்பந்தப்பட்ட விபத்துக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் 7 நாள் வரை 1.5 லட்சம். இரண்டிலும் ஆஸ்பத்திரியே வாங்கிக்கொள்ளும், நம் கையில் காசு வராது.

எம்சிஓபி_கட்டு:

எவ்வளவு வரும் என்று யாரும் சொல்லவில்லையே. இரண்டு வழி இருக்கிறது.

பிரிவு 164: யார் மேல் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை. இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், நிலையான தொகை. இதை வாங்கிவிட்டால் 166 மனு காலாவதி.

பிரிவு 166: தப்பை நிரூபிக்க வேண்டும், தொகைக்கு உச்சவரம்பு இல்லை. கணக்கு இப்படி: மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டால், சொந்தத் தொழில் செய்யும் 40-50 வயதுக்காரருக்கு எதிர்கால வளர்ச்சி 25% சேரும், 18,750. பன்னிரண்டால் பெருக்கினால் 2,25,000. எத்தனை ஆண்டு வருமானம் என்று வயதை வைத்துச் சொல்லும் பெருக்கு எண் 41-45 வயதுக்கு 14, அதால் பெருக்க வேண்டும். தோள் தூக்க முடியாததால் தொழில் செய்யும் திறனில் 20% போய்விட்டது என்று முடிவானால் அதில் 20%, அதாவது 6,30,000. மருத்துவச் செலவு, வலி வேதனை, படுத்திருந்த மாதங்களின் வருமானம் தனி. உடைந்த சைக்கிள், ரோட்டில் கொட்டிய மீன் இதற்கும் கேட்கலாம், சைக்கிள் கடை எஸ்டிமேட் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் காறையெலும்பு பெரும்பாலும் நன்றாகவே கூடிவிடும். ஊனத்தை மதிப்பிடும் மெடிக்கல் போர்டு சொற்ப சதவீதம் போட்டால் 166-இல் இழுத்தடித்து வாங்குவதைவிட 164-இன் 2.5 லட்சமே மேல். கை எந்த அளவு தூக்க வருகிறது என்று தெரியும்வரை எதற்கும் சம்மதம் சொல்லாதீர்கள்.

ஆனால் அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்கவும் முடியாது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 166(3) சொல்கிறது. மனுவைப் போட்டு நம்பர் வாங்கிவிடுங்கள், ஊனச் சான்றிதழைப் பிறகு தாக்கல் செய்யலாம். சுற்றுலா கார் எந்த மாவட்டத்து வண்டியானாலும் ராமநாதபுரத்திலேயே போடலாம். விபத்து நடந்த இடமோ, அடிபட்டவர் குடியிருக்கும் இடமோ போதும். வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, போன் 15100.

மீன் விற்பவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. கூட்டுறவுச் சங்க அட்டை, ஏலக் கடை துண்டுச்சீட்டு, பாஸ்புக் வரவு, எது கிடைத்தாலும் சேருங்கள். ஒன்றுமில்லை என்றால் தீர்ப்பாயமே ஒரு தொகையை ஊகித்து எழுதும், அது குறைவாகத்தான் இருக்கும்.

தொண்டிக்காரன்:

வண்டி நம்பர் தெரியாத கேஸுக்கு நான் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருட்டில் தட்டிவிட்டுப் போகிற வண்டிகள்தான் இதில் அதிகம் வரும்.

பிரிவு 161. இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. இதற்குக் கோர்ட் வேண்டாம், தாலுகா அலுவலகம் போனால் போதும். விபத்து நடந்த தாலுகா எதுவோ அங்கே: தொண்டி என்றால் திருவாடானை, சாயல்குடி என்றால் கடலாடி. படிவம் 1, எஃப்.ஐ.ஆர்., காயச் சான்றிதழ் (இறந்திருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை), ஆதார், பாஸ்புக் நகல். விசாரணை அதிகாரி ஒரு மாதத்துக்குள் கலெக்டருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். பிறகு வண்டி கண்டுபிடிக்கப்பட்டு வேறு இழப்பீடு கிடைத்தால் இதைக் கழித்துக்கொள்வார்கள், அதற்கு உறுதிமொழி எழுதி வாங்குவார்கள்.

உச்சிப்புளி_சந்தை:

நன்றி. தானாக விழுந்தால்? பேட்டரி சைக்கிள் வாங்கினால்?

சேதுக்கரை:

தானாக விழுந்தால், மணல் வழுக்கினாலும் நாய் குறுக்கே வந்தாலும், மோட்டார் இன்சூரன்ஸ் கிடையாது. சொந்த விபத்து பாலிசிதான். வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் சுரக்‌ஷா பீமா: 18 முதல் 70 வயது வரை, இறப்பு அல்லது முழு நிரந்தர ஊனத்துக்கு 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ போனால் 1 லட்சம். எலும்பு முறிவுக்கு ஒரு பைசா வராது, இதைத் தெரியாமல் அலைகிறவர்கள் அதிகம். பாலிசி ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசியில் கணக்கில் காசு இல்லாவிட்டால் பாலிசி நின்றுவிடும். இரண்டு வங்கியில் பிடித்தாலும் ஒரு தடவைதான் கிடைக்கும்.

பேட்டரி சைக்கிள்: மோட்டார் 250 வாட்டுக்குக் கீழ், வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழ் என்றால் பதிவும் வேண்டாம், இன்சூரன்ஸும் வேண்டாம். கடையில் பெரிய மோட்டார் மாட்டியோ வேகத் தடுப்பை எடுத்துவிட்டோ கொடுத்தால் அது சட்டப்படி மோட்டார் வண்டி. அதில் போய் யாரையாவது இடித்தால் பதிவு இல்லை, லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. முழு இழப்பீடும் ஓட்டியவர் தலையில். சாதா சைக்கிளில் ஆளை இடித்தாலும் போலீஸ் கேஸ் உண்டு, சிவில் வழக்கும் போடலாம். அதற்கு நமக்காகக் கட்ட எந்தக் கம்பெனியும் வராது.

எம்சிஓபி_கட்டு:

ஒன்று விட்டுப்போச்சு. 166-இல் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது சைக்கிள்காரரின் கவனக்குறைவை. லைட் இல்லை, ராங் சைடு. தீர்ப்பாயம் 20% அவர் தப்பு என்று முடிவு செய்தால் மேலே சொன்ன 6,30,000 ரூபாய் 5,04,000 ஆகிவிடும். மீன் சைக்கிளில் இன்னொரு சங்கடம்: கேரியரில் கட்டும் பெட்டி பின்பக்க மட்கார்டில் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரை மறைத்துவிடும். பெட்டியின் பின்பக்கத்திலேயே சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டுங்கள். ஐஸ் தண்ணீர் வழியும் அடிப்பகுதியில் ஒட்டினால் இரண்டு வாரத்தில் உரிந்துவிடும், மேல்விளிம்பை ஒட்டி, துடைத்துக் காயவைத்து ஒட்டுங்கள்.